அண்ணி ஏறி நின்ற பலகை

எங்கள் அண்ணியிடம் எதையாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவள் முன்னால் போய் நிற்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினாலும் பிரயோசனம் இல்லை. நூற்பாலை அவள் காதைத் தின்று ஏப்பம் விட்டு வெகுநாள் ஆகிறது. ஆனால் எதிரே நின்று, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அசைத்துப் பாருங்கள். தெருவின் அந்தக் கோடியில் நின்று அசைத்தாலும் பதில் வரும். பெரும்பாலும் சூடான பதிலாகத்தான் வரும்.

அவள் என்னைவிட ஒரு வயது சின்னவள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் எனக்கு அண்ணி. நானோ கட்டினவனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். இப்படி ஒரு நாத்தனாரும் இப்படி ஒரு அண்ணியும் ஒரே கூரைக்கு அடியில் இருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவள் ரொம்பக் குட்டை. அண்ணன் பக்கத்தில் நின்றால் தோளுக்குக்கூட வரமாட்டாள். "பரண்ல இருக்கற சாமானை எடுக்க இவளுக்குத் துணைக்கு இன்னொருத்தி வேணும்" என்று எங்கள் அம்மா இருந்தவரை சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்த இன்னொருத்தி நான்தான்.

அண்ணன் தச்சன். ஒரு வீட்டுக் கூரைக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். இடுப்பெலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. உட்கார்ந்தால் உளி பிடிப்பான், நின்றால் உயிர் போகிற வலி. நிற்க முடியாத தச்சனை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? பாதி நாள் கூடத்தில் கட்டிலில் படுத்தபடி கூரையை முறைத்துக்கொண்டிருப்பான். அவன் விழுந்த மாதமே அண்ணி என்னோடு நூற்பாலைக்குக் கிளம்பினாள்.

எனக்கு அங்கே கோன் சுற்றும் பிரிவில் வேலை. சின்னச் சின்னக் கட்டைகளில் வருகிற நூலைப் பெரிய கோன்களில் மிஷின் சுற்றும். நூல் அறுந்தால் இரண்டு நுனியையும் தேடிப் பிடித்து, கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டு, மறுபடி ஓடவிட வேண்டியது நாங்கள். அந்தப் பிரிவு முழுக்கப் பெண்கள்தான். எங்கள் மேல் இருந்த கரிசனத்தால் ஒன்றும் எடுக்கவில்லை. பெண்கள் விரல் சின்னது, முடிச்சு சின்னதாக விழும், ஆண்களைவிடக் குறைவாகக் கொடுத்தால் போதும், அவ்வளவுதான் விஷயம். அண்ணி வேலை கேட்டுப் போன அன்று அவள் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. "கையை நீட்டு" என்றார்கள். நீட்டினாள். "சின்னக் கை. நல்லது" என்று உள்ளே அனுப்பிவிட்டார்கள்.

உள்ளே இருக்கும் இரைச்சலை வார்த்தையில் சொல்ல முடியாது. பக்கத்தில் நிற்கிறவள் காதுக்குள் கத்தினாலும் கேட்காது. அதனால் நாங்கள் யாரும் கத்துவதில்லை. உதட்டை அசைத்துத்தான் பேசுவோம். பாதி வாய், பாதி புருவம், கை சும்மா இருந்தால் கொஞ்சம் கை. புதிதாக வருகிறவளுக்கு இது பிடிபடச் சில மாதமாகும். அண்ணிக்கு வந்த வேகத்தில் வந்துவிட்டது. ஊர்க்கதை கேட்பதில் அவளுக்கு அத்தனை ஆசை.

அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தோம். படுத்திருக்கிற மனுஷன் மனசு நோகக் கூடாதென்று எங்கள் சண்டையை எல்லாம் ஊமைச் சண்டையாக மாற்றிக்கொண்டோம். அண்ணன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். சத்தமாகப் பேசும்போது "அண்ணி, தண்ணி கொண்டு வரட்டுங்களா?" என்பேன். அடுத்த நொடி சத்தமில்லாமல், "போடி குள்ளச்சி, உன் திமிரை உன்னோட வெச்சுக்கோ" என்பேன். அவளும் சளைத்தவள் இல்லை. "புருஷனை விரட்டிட்டு வந்தவ, என்னை விரட்டப் பாக்காதே" என்று உதட்டால் ஒரு போடு போடுவாள். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பான். வீடு அமைதியாக இருக்கிறதென்று அக்கம்பக்கத்தில் எங்களுக்கு நல்ல பெயர்.

மில்லில், எங்கள் பிரிவின் ஒரு மூலையில், படி ஏறிப் போகிற உயரத்தில், மேனேஜருக்கு ஒரு கண்ணாடி அறை இருந்தது. அங்கிருந்து பார்த்தால் யார் வேலை செய்கிறாள், யார் சோம்பி நிற்கிறாள் என்று ஒரே பார்வையில் தெரியும். அவர்கள் எங்களைப் பார்ப்பதற்காகக் கட்டிய கண்ணாடி. அதே கண்ணாடி வழியாக நாங்களும் அவர்களைப் பார்க்கலாமே என்று கட்டினவனுக்குத் தோன்றவில்லை. உள்ளே அவர்கள் பேசுவது ஒன்று விடாமல் எங்களுக்குத் தெரியும். யாருக்குச் சீட்டுக் கிழியப் போகிறது, மேனேஜருக்கும் மாமியாருக்கும் என்ன தகராறு, எல்லாமே. ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தோம். கண்ணாடியில் பார்த்ததை யாரும் குரலெடுத்துச் சொல்லக் கூடாது, வீட்டில்கூட. ஒருத்தி உளறினாலும் மறுநாளே திரை போட்டுவிடுவார்கள். அத்தனை வாயாடிகளும் அந்த ஒரு விஷயத்தில் வாயைக் கட்டினோம்.

அந்தக் கண்ணாடியில்தான் எங்கள் தலைக்கு வந்த ஆபத்தை அண்ணி பார்த்தாள்.

பெரிய பெரிய மரப்பெட்டிகளில் புது மிஷின்கள் வந்து இறங்கியிருந்தன. பழசைவிட இரண்டு மடங்கு நீளம், உயரமும் அதிகம். அறுந்த நூலை முடிந்தபின் மறுபடி ஓடவிட இறக்க வேண்டிய கைப்பிடிகள் மேலே இருந்தன. ஒன்றை மட்டும் பிரித்து எங்கள் பிரிவின் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். அன்று கண்ணாடி அறையில் மேனேஜரும் முதலாளி வீட்டு ஆளும் பேசிக்கொண்டிருந்தார்கள். அண்ணி நூலை முடிந்துகொண்டே மேலே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தாள்.

"நம்ம எல்லாரையும் அனுப்பிட்டு முதலாளிக்கு வேண்டிய ஆம்பளைங்களை எடுக்கப் போறாங்க. மேல இருக்கற கைப்பிடி பொம்பளைங்களுக்கு எட்டாதாம். அந்தக் காரணத்தைச் சொன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்களாம்."

நான் அடுத்தவளிடம் சொன்னேன். அவள் அடுத்தவளிடம். கடைசி மிஷின்வரை செய்தி போய்ச் சேர்ந்தபோது மேலே இருந்த இரண்டு பேரும் தேநீர் குடிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் ஒருத்தி கையும் நிற்கவில்லை. எங்கள் வீட்டு அடுப்பு எரிவது இந்த இரண்டு சம்பளத்தில்தான். வேலைக்கு எடுக்கும்போது எங்கள் கை சின்னது என்று சொல்லி எடுத்தார்கள். அனுப்பும்போது அதே கை குட்டை என்று சொல்லி அனுப்பப் பார்த்தார்கள். என்ன ஒரு வாய்!

கொஞ்ச நாளில் மேனேஜர் அதை வாய்விட்டே சொல்லிவிட்டார். எங்களில் சிலர் அழுதார்கள், சிலர் சாபம் விட்டார்கள். அண்ணி இரண்டும் செய்யவில்லை. நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு நேரே தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்த அதிகாரி ஒரு பெண். அவரிடம் அண்ணி சொன்னது இதுதான்: "எங்களை ஒரே ஒரு தடவை அந்த மிஷினை ஓட்ட விட்டுப் பாருங்கம்மா. நானே ஓட்டறேன். என்னைவிடக் குட்டை எங்க பிரிவுல யாரும் இல்ல. என்னால முடியலேன்னா நாங்க எல்லாரும் பேசாமப் போயிடறோம்."

திரும்பி வந்து அவள் இதைச் சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது.

"யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க? உங்க கை எட்டலேன்னா எங்க எல்லார் சோத்துலயும் மண்ணா?"

"எட்டும்" என்றாள்.

"எப்படி எட்டும்? வீட்டுப் பரணே எட்டாது!"

"எட்ட வைக்கணும். கத்தாம இரு, யோசிக்கணும்."

அதிகாரி கேட்டதும் மேனேஜர் அந்தச் சோதனைக்குச் சம்மதித்தார். தோற்றுவிடுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நிபந்தனையும் அவரே சொன்னார். காலையில் மிஷின் ஓட ஆரம்பித்ததிலிருந்து மதியச் சங்கு ஊதும்வரை அவள் ஒருத்தியே பார்த்துக்கொள்ள வேண்டும். சங்கு ஊதும்போது ஒரு நூல்கூட அறுந்து தொங்கக் கூடாது.

பிரிவைப் பெருக்குகிறவளிடம் துடைப்பத்தை வாங்கி, பெருக்குகிற சாக்கில் அண்ணி புது மிஷினை ஒட்டி நின்று, கைப்பிடி எந்த உயரம், மிஷின் எத்தனை நீளம் என்று துடைப்பக் கட்டையால் அளந்துகொண்டு வந்தாள். வீட்டுச் சுவரில் அந்த உயரத்துக்குக் கரியால் ஒரு கோடு போட்டாள். எக்கி எக்கிப் பார்த்தாள். விரல் நுனி கோட்டுக்குக் கீழேயே நின்றது. கட்டிலில் இருந்த அண்ணன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஒரு முக்காலி செஞ்சு தரேன். இது ஒரு விஷயமா?"

செய்தும் கொடுத்தான். அண்ணி அதில் ஏறினாள், கோடு எட்டியது. இறங்கினாள், முக்காலியை நகர்த்தினாள், மறுபடி ஏறினாள். பிறகு அதை அண்ணன் பக்கமே தள்ளிவிட்டாள்.

"நான் ஒரே இடத்துல நிக்கறவ இல்லீங்க. நூல் அந்தக் கோடியில அறும், இந்தக் கோடியில அறும். ஓடிக்கிட்டே இருக்கணும். நாள் முழுக்க இப்படி ஏறி இறங்கினா முட்டிதான் அறும்."

அண்ணன் நூற்பாலைக்குள் கால் வைத்ததே இல்லை. எழுந்து நடந்து காட்டச் சொன்னான். அண்ணி கூடத்தில் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தாள். எங்கே கை மேலே போகும், எங்கே குனிவாள், எப்படித் திரும்புவாள் எல்லாவற்றையும் அவன் பார்த்தான். பல மாதமாகக் கூரையைத் தவிர எதையும் பார்க்காத கண்ணால் அவளை அப்படிப் பார்த்தான். "சரி, நிக்கறதுக்கு இல்ல, நடக்கறதுக்குத்தான் செய்யணும்" என்றான்.

பழைய கதவு ஒன்றை அறுத்து, இன்னொரு வீட்டில் கழித்துப் போட்ட சட்டங்களைச் சேர்த்து, உட்கார்ந்த வாக்கிலேயே செய்தான். மிஷின் நீளத்துக்கு நீளமான ஒரு பலகை. ஒடுக்கம், ஆனால் ஆடாது. அடியில் கட்டைக் கால்கள். இரண்டு கோடியிலும் கால் தடுக்காமல் இறங்கச் சரிவு. மேற்பரப்பை மட்டும் இழைக்காமல் சொரசொரப்பாகவே விட்டுவிட்டான். "வழுவழுன்னு இருந்தா பாக்க அழகு. அவளுக்கு வழுக்கும்" என்றான். நான் அவனுக்கு மரத்தைப் பிடித்துக் கொடுத்தேன். அந்த நாட்களில் எனக்கும் அண்ணிக்கும் ஊமைச் சண்டை போட நேரமில்லை.

சோதனை நாள் காலையில் நாங்கள் ஆறு பேர் அந்தப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனோம். தெருவில் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மில் வாசலில் வாட்ச்மேன் மறித்தார்.

"என்னம்மா இது, காலங்காத்தால பாடையைத் தூக்கிட்டு வரீங்க?"

"பாடைதான் அண்ணே" என்றாள் அண்ணி. "யாருக்குன்னு மத்தியானம் சொல்றோம்."

அவர் சிரித்துவிட்டார். சிரித்தவர் மறிக்க மறந்துவிட்டார்.

பலகையைப் பார்த்ததும் மேனேஜர் முகம் போன போக்கு இருக்கிறதே! "இதெல்லாம் கணக்குல வராது" என்றார். "மிஷினைத் தொட்டா இருக்கு? தரையிலதானே இருக்கு" என்றார் சோதனையைப் பார்க்க வந்திருந்த அதிகாரி. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. எங்கள் பிரிவு மேஸ்திரி புது மிஷினின் விசையைப் போட்டார். வயதான மனுஷர், சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தத்தில் கிடந்தவர், காது மந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணி பலகையில் ஏறினாள். நாங்கள் அவரவர் பழைய மிஷினுக்குப் போனோம். என் இடம் அவளுக்கு நேர் எதிரே.

அவள் அந்தப் பலகையில் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. வெறுங்காலோடு, கீழே பார்க்காமல், சொந்த வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி நடந்தாள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை, முடிச்சு, அடுத்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. நேரம் போகப் போக அதிகாரி அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூடையில் சேர்ந்த கோன்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றிலும் குறை இல்லை.

மேனேஜருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மிஷினின் அந்தக் கோடியில் விசைக்குப் பக்கத்தில் நின்ற மேஸ்திரியிடம் போனார். அதிகாரி இந்தக் கோடியில் இருந்தார். நடுவில் அத்தனை இரைச்சல். மேனேஜர் மேஸ்திரியின் காதருகே குனிந்து என்னவோ சொன்னார். தரையில் நின்றிருந்தால் அண்ணிக்கு அது தெரிந்திருக்காது, மிஷின் மறைத்திருக்கும். பலகை மேல் நின்றதால் மிஷினுக்கு மேலாக அவர் வாய் நன்றாகத் தெரிந்தது.

அண்ணி என் பக்கம் திரும்பினாள். கை நூலில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"வேகத்தை ஏத்தச் சொல்றாரு."

வேகம் ஏறினால் நூல் பொலபொலவென்று அறும். சங்குக்கு இன்னும் நேரம் இருந்தது. அதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னால், இத்தனை சத்தத்தில் உனக்கு எப்படித் தெரியும் என்பார். எப்படித் தெரியும் என்று சொன்னால் கண்ணாடி போச்சு. அங்கே மேஸ்திரியோ காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். மேனேஜர் இன்னும் பலமாகச் சொன்னார். மேஸ்திரி மறுபடி தலையை ஆட்டினார். மேனேஜர் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த ஆரம்பித்தார்.

அண்ணியின் உதடு மறுபடி அசைந்தது. "எல்லாரும் நிறுத்துங்க. இப்ப."

நான் திரும்பி அடுத்தவளைப் பார்த்தேன், அவள் அடுத்தவளை. ஒவ்வொருத்தி கையும் அவளவள் விசைக்குப் போனது. பழைய மிஷின்கள் அத்தனையும் முனகிக்கொண்டே அடங்கின. புது மிஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பழசுகளோடு பார்த்தால் அதன் சத்தம் ஒன்றுமே இல்லை. அந்த அமைதியில் மேனேஜரின் குரல் கட்டடம் முழுக்க எழும்பியது.

"செவிட்டு முண்டம், வேகத்தை ஏத்துய்யா! சங்கு ஊதறதுக்குள்ள அவளுக்கு நாலு நூலாவது அறுந்து தொங்கணும்!"

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் தனக்கே கேட்டது அவருக்கு. வாய் திறந்தபடியே நின்றது. நாங்கள் ஒருத்தியும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதிகாரி அந்தக் கோடிக்கு நடந்தார். "போதும். மிஷினை நிறுத்துங்க. இதுக்கு மேல பாக்க ஒண்ணும் இல்ல" என்றார். மேஸ்திரி விசை மேல் கை வைத்தார்.

"நிறுத்தாதீங்க!" என்று பலகை மேலிருந்து ஒரு சத்தம். அண்ணி. "இன்னும் சங்கு ஊதலையே அம்மா. இப்ப நிறுத்தினா, பாவம் பாத்து விட்டாங்கன்னு நாளைக்குப் பேசுவாங்க. நான் வாக்குக் குடுத்தது வேலை செஞ்சு காட்டறேன்னு." பிறகு மேஸ்திரியைப் பார்த்தாள். "அவர் கேட்ட வேகத்தையே வைங்க."

பாவி, ஜெயித்த பந்தயத்தை எடுத்து மறுபடி தெருவில் வைக்கிறாளே என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. "வேண்டாம்டி" என்று உதட்டை அசைத்தேன். பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

மேஸ்திரி வேகத்தை ஏற்றினார். நூல்கள் அறுந்தன. ஒன்றை முடிந்தால் இரண்டு அறுந்தது. அவள் ஓடினாள். பலகை தடதடத்தது, ஆனால் ஆடவில்லை. நாங்கள் யாரும் எங்கள் மிஷினை மறுபடி போடவில்லை. நின்று பார்த்தோம். "இடது பக்கம், கடைசி!" "மேல, மேல!" என்று அத்தனை உதடும் அசைந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் அறுந்ததை எல்லாம் எதிரே நின்ற எங்கள் வாயைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அவள் விரலை நூல் கிழித்து ரத்தம் கசிந்தது. சட்டென்று துணியில் துடைத்துக்கொண்டாள், கோனில் கறை படக் கூடாதென்று. கடைசியில் ஒரே ஒரு நூல், மேல் வரிசையில், அந்தக் கோடியில் தொங்கியது. ஓடிப்போய்ப் பிடித்தாள். முடிந்தாள். கைப்பிடியை இறக்கினாள். அது ஓட ஆரம்பித்த பிறகு சங்கு ஊதியது.

புது மிஷின்கள் எங்களுக்குத்தான் என்று அன்றே எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அதிகாரி கிளம்பினார். அண்ணி அந்த மிஷினில் தலை நரைக்கும்வரை நின்றாள். "பலகைக்காரி" என்றால் மில்லில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்குப் பின்னால் வந்த வளர்ந்த பெண்கள்கூட பலகை வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள், கால் வலிக்காமல் இருக்கிறதாம். மேஸ்திரியிடம் நான் ஒருநாள் கேட்டேன், நிஜமாகவே உங்களுக்கு அன்று காது கேட்கவில்லையா என்று. அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்னம்மா சொன்னே?" என்றார். கண்ணாடி ரகசியம் மட்டும் கடைசிவரை வெளியே போகவில்லை. இப்போது எல்லோரும் ஓய்வு பெற்றாயிற்று என்பதால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து வந்தபோது அண்ணிக்குப் பேசத் தெம்பில்லை. அண்ணன் வாசலில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவில் வண்டிச் சத்தமும் பிள்ளைகள் கூச்சலும். நான் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று அடி எடுத்து வைப்பதற்குள் அண்ணி நின்ற இடத்திலிருந்தே உதட்டை அசைத்தாள், பழக்க தோஷம்.

"நின்னுச்சு."

அண்ணன் உதடு அசைந்தது. "பலகையா, நீயா?"

"ரெண்டும்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். "அண்ணே, உனக்கு இது எப்பலேர்ந்து தெரியும்?"

"இத்தனை நாளா ரெண்டு பேரும் என் தலைக்கு மேலதானே சண்டை போட்டீங்க" என்றான். "கூரையையேவா பாத்துக்கிட்டிருப்பேன்? குள்ளச்சியாம், வாடியாம், போடியாம். என் பெண்டாட்டியை இந்தப் பேச்சுப் பேசறியே!"

எனக்கு மானம் போனது. அண்ணி வாசல்படியில் உட்கார்ந்து சிரித்தாள், ரத்தம் கட்டிய விரலை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"வரப்போற மிஷின் எல்லாத்துக்கும் பலகை வேணும்னு கேட்டிருக்கேன். மில்லு சரின்னுடுச்சு. ஆனா அதைச் செய்யறது என் புருஷன்தான்னு சொல்லிட்டு வந்துட்டேன். செய்வீங்களா?"

யாரைக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான்.

"எல்லா மிஷினும் ஒரே நீளமா?" என்று கேட்டான். உதட்டை அசைத்து இல்லை, குரலெடுத்துத்தான் கேட்டான். தெருவுக்கே கேட்டது.